நான் எடுத்த கான்ஸ்ட்

இன்று காலை, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை. 'கான்ஸ்ட்' என்ற காவல் போட்ட பாயிண்டரை, அதாவது எண்கள் இருக்கும் விலாசத்தை, காவல் இல்லாத இடத்துக்கு அனுப்புகிறாள் என்று புரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலர் முறையிட்டது. "அந்த கான்ஸ்ட்ட எடுத்துடவா சார்?" என்றாள். கூடாது என்று அரை மணி நேரம் பேசினேன். பெரம்பலூரில் இன்று கான்ஸ்டுக்கு நான்தான் அதாரிட்டி. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் லாரி எடை மேடைக்கு நாம் இருவரும் புரோகிராம் எழுதினோம். எடையைச் சரிசெய்யும் எண்களை அரே என்ற வரிசையில் வைத்தாய். அதைப் படிக்கும் ஃபங்ஷன் என்ற புரோகிராம் துண்டின் வாசலில் கான்ஸ்ட் போட்டாய். எண்களைப் பார்க்கலாம், மாற்ற முடியாது.

"யாருக்குடா இந்தக் காவலு?" என்றேன்.

"உனக்குத்தான் மாப்ள. வேற எவன் இதுல கை வக்கப் போறான்?"

வைத்தேன். ஒரு சின்னக் கணக்கை அந்த எண்களின் மேலேயே போட வேண்டியிருந்தது. கான்ஸ்ட் தடுத்தது, எடுத்துவிட்டேன். ஃபங்ஷனுக்குள் போவது அரேயின் நகல்தானே என்று நினைத்தேன். போவது விலாசம் மட்டுமே, உள்ளே மாற்றினால் அசலே மாறும் என்பது பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு லாரி ஏறும்போதும் எண்கள் கொஞ்சம் தேய்ந்தன. மாலைக்குள், மேடையின் கணக்கில் மூட்டை நிறைந்த லாரி காலி லாரியைவிடச் சற்றே கனமாக இருந்தது.

"யாரு எழுதுன ஃபைல் இது?" என்றார் நம் மேனேஜர். மேலே உன் பெயர் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் மேசை விசிறியைப் பார்த்தேன்.

"நான்தான் சார்," என்றாய்.

வேலை போயிற்று. லப்பைக்குடிக்காட்டில் உன் தெருவில் பாதிப் பேர் போன வளைகுடாவுக்கு நீயும் போனாய். அங்கேயே மாரடைப்பு.

துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தேன். உன்னைப் பெற்ற அத்தா நாற்காலி போட்டார். "கணக்குல என்னமோ தப்பு பண்ணிட்டான்னுதான் அனுப்பிட்டாங்களாம். நீங்க கூடவே இருந்தவங்க. நெசந்தானுங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

அவரிடம் அரேயையும் பாயிண்டரையும் விளக்கத் தேவையில்லை. 'செய்தது நான்' என்ற இரண்டு சொல் போதும். மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் வெயில் அதிகமாக இருக்கிறது.