எந்தக் கை

எவெலியோவின் அப்பாவுக்கு,

டூசானில் இந்தச் சமுதாயக் கல்லூரியில் மானுடவியல் வகுப்பு ஒழுங்காகப் போகிறது. "ஏண்டி, இந்த வயசுல எலும்பைப் படிச்சு என்ன கிழிக்கப் போற?" என்று போனில் சிரித்தீர்கள். என்னிடம் வருகிறேன் என்று எல்லை தாண்டிப் பாலைவனத்தில் இறங்கி, இன்னும் வந்து சேராத நம் பிள்ளையைப் பற்றி நீங்களும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பாலைவனத்தில் கிடைக்கும் எலும்புகளை எங்கள் ஆசிரியை இங்க்ரிட்தான் பார்த்து அடையாளம் சொல்கிறார். இன்று வகுப்பில், "புதுசா ஒண்ணு வந்திருக்கு. பாவம், இருபது வயசைத் தாண்டல. சின்ன வயசுல இடது கை ஒடைஞ்சிருக்கு. மாவுக்கட்டே போடல, கோணலாக் கூடியிருக்கு" என்றார். பக்கத்திலிருந்த டெப்ரா, "என்னக்கா, எழுதாம உக்காந்திருக்கீங்க? பரீட்சையில வரும்" என்று இடித்தாள்.

சின்ன வயசில் கழுதை மேலிருந்து விழுந்த எவெலியோவை, ஆஸ்பத்திரி வேண்டாமென்று எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர் நீங்கள்தானே? எந்தக் கை என்று எழுதுங்கள். போனில் வேண்டாம்.

எனக்கு வலது கை என்றுதான் ஞாபகம். தினமும் சட்டை மாட்டிவிட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

நன்றாக யோசித்து, வலது கை என்றே எழுதுங்கள்.

உங்கள் பிள்ளையின் அம்மா