வெள்ளிக்கிழமை லீவு

வேலூர்,
14.10.1981

அன்புள்ள அண்ணிக்கு,

கிருபை எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் பொன்மலரும் சுகம். டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் மகன் ஐசக் நன்றாகச் சாப்பிடுகிறானா? காரம் கொடுக்காதீர்கள், நர்ஸ் சொல்கிறேன். உங்கள் தம்பிக்கும் எனக்கும் விவாகரத்து ஆகிவிட்டாலும் உங்களை அண்ணி என்று கூப்பிடக் கூடாதென்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

முதலில் நல்ல சேதி. போன ஞாயிறு அவர் வந்துவிட்டார்.

நான் கோர்ட்டில் மனுப் போட்டதில் உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் தகப்பன் வந்து பிள்ளையை அழைத்துப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விட வேண்டும் என்பது தீர்ப்பு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஆளைக் காணோம். மலர் நல்ல கவுனாகப் போட்டுக்கொண்டு சர்ச் கேட்டிலேயே நிற்பாள். கோர்ட்டே கூப்பிட்டுக் கேட்கட்டும் என்றுதான் போட்டேன்.

ஏன் வரவில்லை என்று ஜட்ஜ் கேட்டால் இவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். உங்கள் வீட்டு ஆண்கள் வாய் திறப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். கூட வந்த மேஸ்திரி நயீம் அகமதுதான், எங்க ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு சார், ஞாயித்துக்கிழமை வேலை ஜாஸ்தி என்றார். ஜும்மா தொழுகைக்காக ஆம்பூர் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பது ஊருக்கே தெரியும். எனக்கோ வக்கீலுக்கோ அது தோன்றவே இல்லை.

அப்படியானால் வெள்ளிக்கிழமை வந்து பார்த்திருக்கலாமே என்றார் ஜட்ஜ். அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். வெள்ளிக்கிழமை தவறாம வந்து ஸ்கூலுக்கு எதிர்க்கடையில நின்னு பாத்துட்டுப் போய்டுவேன், ஆர்டர்ல ஞாயிறுன்னு போட்டிருக்கு, வேற நாள்ல கிட்ட போனா தப்பாயிடும்னு பயம் என்றார். அப்பா கடையாண்ட நின்னாரும்மா என்று மலர் சொல்லியிருக்கிறாள். ஏக்கத்தில் சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

லீவு நாள்ல ஷெட்டைப் பாத்துக்க ஆள் வேணும், வெள்ளிக்கிழமை இந்த ஜெயகரன் இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை புள்ளையப் பாக்கட்டும், முதலாளிகிட்ட நான் பேசிட்டேன் என்றார் நயீம் பாய். ஜட்ஜ் அதையே உத்தரவாக எழுதினார்.

போன ஞாயிறு கடைசிப் பாட்டு முடியுமுன்பே கேட்டில் நின்றார். மலர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். சாயங்காலம் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா அண்ணி. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

தம்பிக்கு எழுதும்போது ஒன்று மட்டும் கேளுங்கள். அத்தனை வெள்ளிக்கிழமையும் அந்தக் கடைவாசலில் நின்றாரே, மத்தியானம் எங்கே சாப்பிட்டார்? நான் கேட்டதாக எழுத வேண்டாம்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள்
தேவகிருபை