முன் ஆக்ஸிலை இறக்கிவிட்டோம், அண்ணே

பிரியமுள்ள சாமு அண்ணனுக்கு,

நீ இருக்கிற இடத்தில் மழை உண்டா, தெரியாது. இங்கே ஐப்பசி பிறந்ததிலிருந்து பாபநாசம் மலை கறுத்துக்கொண்டே நிற்கிறது. நம் ஓடையில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. அதனால் மற்ற சேதிக்கு முந்தி ஜீப் சேதியைச் சொல்லிவிடுகிறேன். விற்கவில்லை. விற்கவும் மாட்டேன்.

பாளையங்கோட்டைச் சித்தப்பா வந்து ஒரு நாள் முழுக்கப் பேசிப் பார்த்தார். "எதுக்குட்டி இந்தப் பழைய இரும்பக் கட்டிக்கிட்டு அழுவுத? அம்மாவக் கூட்டிக்கிட்டு அங்கன வந்திரு" என்றார். அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே, "நான் செத்தாத்தான் இந்த வீட்ட விட்டுப் போவேன். அதுக்கும் ஓடையத் தாண்டித்தான போவணும்? கல்லறை அந்தக் கரையிலதான இருக்கு" என்றாள். சித்தப்பா காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அம்மாவுக்கு இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை அம்பை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நீ போன பிறகுதான் சிறுநீரகம் கெட்டது தெரிந்தது. தார் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வராது என்பது உனக்குத் தெரியும். ஓடை பெருகி ஒரு வாரம் நாங்கள் இந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டால் அம்மா பிழைக்க மாட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சாய்ந்திருந்தாய். நான்தான் ஓட்டினேன். நட்டநடு ஓடையில், முன் ஆக்ஸிலின் நடுவிலே உருண்டையாகத் தொங்குமே, அந்த ஹவுசிங் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சும்மா சுற்றியது. பக்கத்து வீட்டு ஆட்கள் கட்டிலைக் கொண்டுவந்து உன்னைத் தூக்கிப் போனார்கள். தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் காத்துக்கொண்டுதான் நின்றது. நீதான் காத்திருக்கவில்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன்.

அந்தப் பாறையில் தட்டாமல் போக வழி என்ன என்று நீயும் மெக்கானிக் மைதீன் அண்ணாச்சியும் எத்தனை வருஷம் பேசினீர்கள்! டயர் பெரிசாக இருந்தால் ஹவுசிங் உயரும். பெரிய டயருக்கு இடம் வேண்டுமென்றால் வண்டியின் உடம்பு உயர வேண்டும். அதற்கு, ஸ்பிரிங் பட்டைக்கு மேலே கிடக்கிற ஆக்ஸிலைப் பட்டைக்குக் கீழே கொண்டுவர வேண்டும். வரப்பில், டீக்கடையில், கோயில் வாசலில்கூட இதே பேச்சு. பிறகு திடீரென்று நீ அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய். ஏன் விட்டாய் என்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

புரட்டாசியில் ஜீப்பை அம்பைக்குக் கொண்டுபோய் அவர் பட்டறையில் நிறுத்தினேன். "ஐப்பசிக்குள்ள முடிச்சுத் தரணும் அண்ணாச்சி" என்றேன். "ஜீப்பப் பத்தி எனக்கே நாள் குறிக்கியா தங்கச்சி?" என்று குதித்தார். ஆனால் அன்றைக்கே பட்டையைக் கழற்றிவிட்டார்.

ஆக்ஸிலைக் கீழே இறக்கி, பட்டை உட்கார புது இரும்பு இருக்கை வைத்து வெல்டிங்கில் பற்றவைத்தார்; பெரிய டயரும் மாட்டினார். வண்டி உயர்ந்ததும் முன் ஆக்ஸிலுக்குச் சுற்றலைக் கொண்டுபோகிற ஷாப்ட் எட்டவில்லை. அதை லேத்தில் கொடுத்து நீட்டினோம். காலி வண்டியை நான்கு சக்கரமும் இழுக்கிற கியரில் போட்டு ஆற்றங்கரை மணலில் ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெயாக ஓடியது. அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு எல்லாருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் வழக்கமாக ஏறுகிற நம் கரை ஆட்களையும் வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு அதே மணலில் இறங்கினேன். முன்னால் 'டக்கு டக்கு' என்று எலும்பு உடைகிற சத்தம். அண்ணாச்சி மண்ணைப் பழித்தார், என் கிளட்சைப் பழித்தார், லேத்துக்காரனின் வம்சத்தைப் பழித்தார். எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "அண்ணாச்சி, எங்க வண்டி என்னைக்கு ஆளில்லாம ஓடியிருக்கு? நீங்க காலி வண்டிக்குல்லா அளவெடுத்திருக்கிய!" என்றேன்.

அவர் பின்னால் போய் வண்டியைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், ஷாப்ட் தாங்காத அளவுக்குச் சாய்ந்துவிடும். "அட அல்லாவே, தலைய விட்டுட்டுத் தொப்பிக்கு அளவெடுத்துட்டேனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆக்ஸில் எந்தச் சாய்வில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிற அந்தப் பட்டை இருக்கைகளை வெட்டி எடுத்தார். "என்னைக்கும் ஏறுத ஆளுவள அப்படியே கூட்டிட்டு வா. மூட்டையோட வரணும். அம்மாவும் வரணும்" என்றார்.

டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து எல்லாரையும் பட்டறைக்கு அழைத்துப் போனேன். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்து ஏறிக்கொண்டார்கள். அம்மா மட்டும் ஏறவில்லை. இடுப்பளவு உயர்ந்துவிட்ட படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி எஸ்தரு, அவன் எங்கிட்டக் கேட்டாம்ட்டி. 'எம்மா, வண்டிய உசத்தப் போறேன்'னான். 'முட்டி வலிக்காரி, அம்புட்டு உசரம் நான் எப்படி ஏறுவேன்'னு நாந்தான் சொன்னேன். அதோட விட்டுட்டான்."

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "பெரியம்மா, அவன் எங்கிட்டகூட உங்களச் சொல்லல. 'பொறவு பாப்போம்'னுதான் சொன்னான்."

எனக்குக் கோபம் வந்தது அண்ணே. அம்மா மேலே வந்தது, அதைவிட உன் மேலே வந்தது. ஒரு படிக்கட்டு வைத்தால் தீர்கிற காரியத்துக்கா விட்டாய்? அம்மா ஒரு சொல் சொன்னால் அதற்கு மேலே பேசவே மாட்டாயா? அப்புறம் அம்மாவின் கையைப் பார்த்தேன். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்த கை, படிக்கம்பியை விடாமல் பிடித்திருந்தது. இவளிடம் என்ன கணக்குக் கேட்பது?

"நீ ஏறாம அளவு வராதும்மா. ஏறு" என்று சொல்லி, குனிந்து என் தொடையைக் காட்டினேன். "பைய, பைய" என்று எல்லாரும் கத்த, என் தொடையில் காலை வைத்து ஏறினாள். வண்டி அமுங்கி நின்றதும் அண்ணாச்சி அடியில் படுத்து, ஆக்ஸிலைத் திருப்பிச் சாய்வு பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். "எல்லாரும் இறங்குங்க, பத்தவைக்கணும். பொறவு ஒரு தடவ ஏறிப் பாக்கணும்." "திருப்பியுமா வே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டாம் தடவை முதல் ஆளாகப் படிக்குப் போனது அம்மாதான்.

நேற்று மலையில் நல்ல மழை. காலையில் ஓடை முழங்காலுக்கு மேலே செம்மண்ணாக ஓடியது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாள். உன்னை உட்காரவைத்த இடத்தில் அவளை உட்காரவைத்து, நான்கு சக்கர லிவரைப் போட்டு, முதல் கியரில் இறக்கினேன். பாறை வருகிற இடம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன். அடியில் ஒன்றும் தட்டவில்லை. சத்தமும் இல்லை. வண்டி ஒரே சீராக அந்தக் கரையில் ஏறியது.

அண்ணே, அது இவ்வளவு சின்ன தூரம்! அன்றைக்கு நாம் கடக்க முடியாமல் போனது இவ்வளவுதான்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, "எய்யா சாமு, ஏறிட்டேம்யா" என்றாள். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் என்னால் மறுபடி எடுத்திருக்க முடியாது.

இனி இந்தக் கரையில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் கட்டில் தூக்க விடமாட்டேன். எந்த வெள்ளமானாலும் கூப்பிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வருவேன். நீ அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானும் அந்தப் பழியை அவள் தலையில் வைக்க மாட்டேன். அவள் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் என் தொடை அங்கே இருக்கும்.

உன் கூடப் பிறந்தவள்,
எஸ்தர்