மடக்காமல் விட்ட ஃபுட்ரெஸ்ட்

1. வைகாசி முதல் வாரம், புதன்கிழமை: உன் மோட்டார் சைக்கிளின் பெயர் மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டு, அதை என்னிடமிருந்து மறைத்தது.

2. வைகாசி நான்காம் ஞாயிறு: குறையில்லாத ஒரு வண்டியைக் குறையுள்ளது என்று சொல்லி என்னை வாங்கவிடாமல் தடுத்தது.

3. ஆடி முதல் நாள் தொடங்கிக் கார்த்திகை பத்து வரை, ஒவ்வொரு வேலைநாளும்: அலுவலகம் போவதாகச் சொல்லி என் பின்னால் உட்கார்ந்து வந்து, வேறிடம் போனது.

4. கார்த்திகை பத்து, காலை: பின் ஃபுட்ரெஸ்ட்டை மடக்காமல் இறங்கிச் சென்றது.

மேற்கண்டவற்றுள் நான்காவதே கடுமையானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வரிசை எண்ணிட்டு எழுதுவது உனக்கு வியப்பாக இராது. ஒரே பிரிவில் எழுத்தர்களாகச் சேர்ந்த நாளிலிருந்து, வாய்ச் சண்டையை வீண் என்று ஒதுக்கி, ஒருவருக்கொருவர் குறிப்பாணை அனுப்பிக்கொண்டவர்கள் நாம். என் குடையைத் தொலைத்ததற்கு நான் விளக்கம் கேட்டேன். 'மழை நின்றுவிட்டபடியால் குடை தன் பணியிலிருந்து தானாக விலகியது' என்று மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தாய். வெவ்வேறு அலுவலகங்களுக்கு மாற்றப்பட்ட பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளில் எந்தக் குறிப்பாணைக்கும் நீ பதில் தராமல் இருந்ததில்லை.

நேற்று சீட் உறை கிழிந்துவிட்டதென்று வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். சீட்டைத் திறக்கவே கூடாது என்பது உன் உத்தரவு. "லாக்கு ஒடஞ்சு கெடக்குது, தொட்டன்னா மூட முடியாது" என்றாய். மெக்கானிக் சாவியைப் போட்டுத் திருப்பினார், சத்தமில்லாமல் திறந்தது. டூல்ஸ் பைக்குக் கீழே, பால் கவரில் சுற்றி ரப்பர் போட்டு வைத்திருந்தாய் அந்தப் படிவத்தை. விற்பவர் இடத்தில் உன் கையெழுத்து. வாங்குபவர் இடத்தில் என் பெயர், என் தகப்பனார் பெயர், லாஸ்பேட்டை குடியிருப்பின் கதவு எண். எல்லாம் உன் கையால். தேதி மட்டும் என்னைத் திகைக்க வைத்தது. நாம் வண்டி தேடப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முந்திய தேதி.

அப்படியானால் அந்த மூன்று ஞாயிறுகளும் என்ன?

சித்திரையில் என் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. அலுவலகம் போய்வர நல்லதாக ஒரு செகண்ட்ஸ் வண்டி வேண்டும் என்றேன். "நீ வாய வச்சிகினு சும்மா இரு. வண்டிய நான் பாக்கறேன்" என்று கூடவே வந்தாய். உழவர்கரையில் முதல் வண்டி. குனிந்து, செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, "இது வண்டி இல்ல, தையல் மிஷினு" என்றாய். புரோக்கர் சிரித்தே விட்டார். இரண்டாவது, நகரத்துக்குள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்று வந்த பெரியவருடையது. ஊரில் சொல்தா வீடு என்பார்களே, அந்த வீடு. அவர் வண்டியைத் துணி போட்டு மூடி, பூப்போல வைத்திருந்தார். ஒரே உதையில் பிடித்தது. தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்து, இதுதான் என் வண்டி என்று முடிவு செய்தேன். நீ முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி ஹாண்டில்பாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரியவரைப் பிரெஞ்சு மரியாதையில் விளித்துச் சொன்னாய்.

"ஃபோர்க்கு வளைஞ்சிருக்குது முசே. எங்கியோ மோதியிருக்குது."

"நான் மோதினதே இல்லையே தம்பி."

"நீங்க மோதல. வண்டி மோதியிருக்குது."

பெரியவரின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. மூன்றாவது வண்டியை நீ கிட்டே போய்க்கூடப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில், தற்செயலாக நினைவு வந்தவனைப் போல, "எங்கிட்ட ஒண்ணு சும்மா நிக்குதே, அத எடுத்துக்கயேன். முதுகு வலின்னு டாக்டர் ஓட்ட வாணாம்னுட்டாரு" என்றாய். பெயர் மாற்றத்தைக் கேட்டபோது, "இன்னாடா அவசரம்? நான் எங்க ஓடிப் போறேன்?" என்றாய்.

அந்தச் சொல்தா வீட்டு வண்டி இப்போது இதே மெக்கானிக்கிடம்தான் சர்வீசுக்கு வருகிறது. நேற்று அது அங்கே நின்றது. ஃபோர்க்கைப் பற்றிக் கேட்டேன்.

"ஃபோர்க்கா? அந்த வண்டிக்கு ஒரு நோவும் இல்ல சார். யார் சொன்னது?"

நீ சொன்னாய் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "சார் எதுக்கு அப்பிடிச் சொன்னாரோ. பாவம், அப்பவே ஒடம்பு முடியாம இருந்தாரு" என்றார்.

"அப்பவே என்றால்?"

"வைகாசிலயே சார். இந்த வண்டிய முழுசா பாத்துக் குடுன்னு வந்தப்பவே சொன்னாரே. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரியும். வைத்திக்குப்பத்தில் உன் வீட்டுக்கு எதிரே வலை காயப்போடுகிறவருக்குத் தெரியும், உனக்கு டீ போட்டுக் கொடுத்த கடைக்காரருக்குத் தெரியும் என்பதை நேற்று மாலைக்குள் விசாரித்து அறிந்தேன். தெரியாதவன் ஊரில் ஒருவன்தான். அவன்தான் தினமும் காலை எட்டே முக்காலுக்கு உன் வாசலில் வந்து ஹாரன் அடித்தவன்.

உன் வண்டி எனக்கு முதலில் அடங்கவில்லை. கிளட்சை விட்டால் துள்ளும். சிக்னலில் நியூட்ரல் விழாது. நீ பின்னாலிருந்து "வுடு, வுடு, மெதுவா வுடு, அதுக்கும் காது கேக்கும்" என்று சொல்லிக்கொண்டே வருவாய். மேட்டில் வண்டி திணறும். ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் இடிக்கும். ஆவணி போய்ப் புரட்டாசி வந்ததும் எல்லாம் சரியாயிற்று. மேட்டில் திணறல் இல்லை. பின்பக்கம் இடிக்கவில்லை. வண்டி என் கைக்குப் பழகிவிட்டது என்று நான் நினைத்தேன். உன்னிடமே பெருமையாகச் சொன்னேன். "ஆமாண்டா, நல்லா கத்துகினே" என்று என் முதுகில் தட்டினாய். ஐப்பசி மழையில் உனக்குப் பெரிதாகிப்போன ரெயின்கோட்டுக்குள் நீ எவ்வளவு மிச்சமிருந்தாய் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் சாலையைத்தான் பார்ப்பான். அதை அறிந்தே நீ பின்னால் உட்கார்ந்தாய்.

பேக்கரி முனையில் இறங்கிக்கொள்வாய். "பன்னு வாங்கினு நடந்து போறேன், நீ போ" என்பாய். அங்கிருந்து உன் அலுவலகம் அடுத்த தெரு. ஆஸ்பத்திரியின் பின்வாசல் அதற்கடுத்த தெரு. ஆனி மாதமே நீ நீண்ட விடுப்பில் போய்விட்டாய் என்பதை, உன் காரியத்துக்கு வந்த உன் அலுவலகத்தார் பேச்சிலிருந்துதான் அறிந்தேன்.

இறங்கியதும் ஃபுட்ரெஸ்ட்டை மடக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது நான் விதித்த ஒரே நிபந்தனை. இடப்பக்கம் நின்று வண்டியைத் தள்ளும்போது அது கெண்டைக்காலில் இடிக்கும். நீ குதிகாலால் ஒரு தட்டுத் தட்டி மடக்குவாய். அந்த 'டக்' சத்தம் கேட்டுத்தான் நான் கியர் போடுவேன். கார்த்திகை பத்தாம் நாள் அந்தச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்:

"ஒரு ஃபுட்ரெஸ்ட்டை மடக்கக்கூட உடம்பு வணங்காதா உனக்கு? உன்னை மாதிரிச் சோம்பேறியை நான் பார்த்ததே இல்லை."

"சரி சரி, வுடு. லேட்டாவுது பாரு, கெளம்பு" என்றாய். நான் கிளம்பினேன். மறுநாள், நான் அண்ணி என்று அழைக்கும் உன் மனைவி போனில் "அவரு இன்னிக்கு வர்ல" என்றார்கள். பிறகு ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டபோது, நீ வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தப்பட்டிருந்தாய்.

நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அந்த வாக்கியம். அதை என் வாயில் வைத்தவன் நீ. தெரிந்திருந்தால் நான் இறங்கி, குனிந்து, என் கையாலேயே மடக்கியிருப்பேன். உன்னைப் பின்வாசல் வரை கொண்டுபோய் விட்டிருப்பேன். அந்த உரிமையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள உனக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

நேற்றிரவு படிவத்தோடு அண்ணியிடம் போனேன். அவர்கள் அதை வாங்கி, உன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே சொன்னார்கள்:

"சொல்லாதன்னு எம்மேல சத்தியம் வாங்கினாரு. ஊட்டுக்கு வர்றவங்கள்லாம் கைய புடிச்சினு அழுவுறாங்க, அவன் ஒருத்தன்தான் இன்னும் என்ன திட்டுறான், அதையும் கெடுத்துடாதன்னாரு. காலைல ஒங்க ஹாரன் கேட்டாதான் எழுந்து சட்டய போடுவாரு."

இதை விளக்கமாக ஏற்க இயலாது. இது இன்னொருவரின் வாய்மொழி வாக்குமூலம். திட்டு வாங்குவதற்காகவே நான்கு மாதத்துக்கு மேல் என் பின்னால் உட்கார்ந்து வந்தவன், திட்டியவன் அதற்குப் பிறகு எப்படி இருப்பான் என்று ஒரு நாளாவது யோசித்தானா என்பதை, அவன் கையால்தான் எழுத வேண்டும்.

படிவத்தையும் ஏற்க இயலாது. உரிமையாளர் இறந்துவிட்டபின் அவர் கையொப்பத்தோடு மனு கொடுப்பது முறையல்ல. ஒரு முத்திரை குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிய உனக்கு இது தோன்றவில்லை. எல்லாவற்றையும் முன்னேற்பாடாகச் செய்த நீ, உயிரோடு இருக்கும்போதே அதைக் கொடுத்தாக வேண்டும் என்பதை மட்டும் மறந்திருக்கிறாய். ஆகவே வண்டி இன்றும் உன் பெயரில் இருக்கிறது. நான் தினமும் உன் வண்டியைத்தான் ஓட்டிப் போகிறேன்.

பேக்கரி முனையில் கால் தானாகப் பிரேக்கை அழுத்துகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் நீ விட்டபடியே திறந்திருக்கிறது. நேற்று மெக்கானிக் அதை மடக்கப் போனார். அதில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு காலையும் வண்டியை வெளியே தள்ளும்போது அது ஒரே இடத்தில் இடிக்கிறது. கெண்டைக்காலில் அவ்விடம் கறுத்துக் கன்றிப்போய், இப்போது தடிப்பாகிவிட்டது.

வண்டியின் பதிவுக்காலம் வரும் மாசி மாதக் கடைசி வேலைநாளோடு முடிகிறது. அன்று மாலை ஐந்தே முக்கால் மணிக்குள், மேற்கண்ட நான்கு குற்றச்சாட்டுகளுக்கும் உன் கைப்பட எழுதிய விளக்கம் என்னை வந்து சேர வேண்டும். முதல் மூன்றுக்கு இல்லாவிட்டாலும், நான்காவதற்கு. அதுவரை ஃபுட்ரெஸ்ட்டை மடக்க மாட்டேன்.