நீ முந்தி வைத்த சேனை

மலருக்குப் பிறந்த மகனுக்கு, நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு, சேனை வைக்க நான் மறுத்ததற்கு, தாலி இழந்தவள் என்று நானாகவே ஒதுங்கிக்கொண்டதுதான் காரணம் என்று நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி என்னிடமே வந்து, “உங்களுக்குப் பெரிய மனசு” என்றாள். அது தவறு. எந்த இடத்திலிருந்தும் நானாக ஒதுங்கியவள் இல்லை என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும். நான் மறுத்ததற்குக் காரணம் நீ.

இதை எழுதும்போது, பிள்ளைக்குப் புகட்டும் வெள்ளிப் பாலாடை என் எதிரில் ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்ந்து காய்கிறது. நேற்றுத் தேனி நர்சிங் ஹோமிலிருந்து கொண்டுவந்து வெந்நீரில் கழுவினேன். அப்படியும் காய்ச்சிய சீனியின் வாசனை லேசாக இருக்கிறது. அந்த வாசனைக்கு எனக்கு நினைவு வருவது நேற்றுப் பார்த்த பிள்ளை இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மலருக்குத் தலைப்பிரசவம் ஆன நாள்தான்.

மலர் உன் வயிற்றில் பிறந்தவள். ஆனால் அவள் படித்தது என் மேசையில். அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருந்தோம். எனக்குப் பிள்ளை இல்லை. நீ அவளுக்குச் சோறு ஊட்டினாய். நான் அவளுக்கு ஆங்கில எழுத்துகளைக் கோட்டுக்கு மேலும் கீழும் போகாமல் எழுதப் பழக்கினேன். கான்வென்ட் விடுதியில் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லித்தந்த ஒழுங்கு அத்தனையும் அவளுக்குக் கொடுத்தேன். அதனால்தான் பிரசவத்துக்குச் சின்னமனூர் வந்தபோது, “பெரியம்மாதான் பிள்ளைக்குச் சேனை வைக்கணும்” என்று அவளே சொன்னாள். நீயும் தலையாட்டினாய்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பவரின் குணம்தான் அந்தப் பிள்ளைக்கு வரும் என்பார்கள். படித்தவள் இதை நம்பலாமா? நம்பினேன். என் உடம்பிலிருந்து யாருக்கும் எதுவும் போகவில்லை. அந்த ஒரு சொட்டு வழியாகவாவது ஏதாவது போகட்டும் என்றிருந்தேன்.

அன்று பிள்ளை பிறக்கச் சாயங்காலம் ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் தேனியிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சீனி கரைத்து, துணியில் வடிகட்டினேன். பாலாடையைத் தனியாக வெந்நீரில் போட்டு எடுத்தேன். குளித்துப் புதுச்சேலை கட்டிக்கொண்டு திரும்பினேன். பஸ் வீரபாண்டியில் நின்று நின்று வந்தது. நர்சிங் ஹோம் மாடிக்கு ஏறியபோது, பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிள்ளை உன் மடியில் இருந்தது. உன் சுண்டுவிரலில் சீனி ஒட்டியிருந்தது. எதிர்த்த டீக்கடையில் வாங்கிய பொட்டலம் பெஞ்சின் மேல் பிரிந்து கிடந்தது.

“வாக்கா, இங்கன வந்து பிள்ளையப் பாரு. அழுதுச்சு, நானே வச்சுட்டேன். உன் தண்ணி கொதிக்கிற வரைக்கும் பிள்ளை பொறுக்குமா?”

வராண்டாவே சிரித்தது. கம்பத்துச் சம்பந்தியம்மா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சம்பந்திகள் முன்னால் நான் சத்தம் போடுகிறவள் இல்லை. கையைக் கழுவினாயா என்று மட்டும் கேட்டேன். பாலாடையைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அன்று பிறந்த பவித்ரா உன்னைப் போலவே வளர்ந்தாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தெருமுனை வரை கேட்கச் சிரித்தாள். புது ஜாமெட்ரி பாக்ஸைத் தோட்டத்துக்குத் திராட்சை வெட்ட வந்தவளின் மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல் சாப்பிட உட்கார்ந்தாள். விடுமுறைக்குக் கம்பம் பஸ்ஸிலிருந்து இறங்கினால், முன்னால் நிற்கிற என்னைத் தாண்டி ஓடி உன் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். அவளைக் கூட்டிவரப் போகும் நாட்களில் நீ தலைகூடச் சீவியிருக்க மாட்டாய். நான் கஞ்சி போட்டுத் தேய்த்த சேலையில் நின்றிருப்பேன்.

“அம்மாச்சிய உரிச்சு வச்சிருக்கு” என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அப்போது நீ என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாய். பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன். அவளிடம் என் குணம் ஒன்றாவது இருக்கிறதா என்று நானும் தேடிக்கொண்டே இருந்தேன். ஒருநாள், நான் மடித்து வைத்த துண்டை ஓரம் சேரவில்லை என்று பிரித்து அவள் மறுபடி மடித்தாள். எனக்கு அந்த வாரம் முழுக்க மனது நன்றாக இருந்தது. “என்னக்கா, பாட்டெல்லாம் முணுமுணுக்குற?” என்று கேட்டாய். நான் சொல்லவில்லை.

போன தை மாதம் நீ போய்விட்டாய். உன் காலைக் கட்டிக்கொண்டு பவித்ரா அழுத அழுகையில் ஊர்ப் பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். எனக்கு இப்படி அழ யார் இருக்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் மனதில் ஓடியது. கிடத்தியிருக்கும்போதுகூட உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தப் பிரசவத்துக்கு மலர் என்னிடம் வந்தாள். அவளுக்குத் தாய்வீடு என்றால் இப்போது நான்தான். துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தேன். பீரோவைத் திறந்து பாலாடையையும் எடுத்தேன். ஊரார் சொல்வதுபோல் ஒதுங்க நினைத்தவள் ஏன் அதை எடுக்கப்போகிறாள்? சீனித்தண்ணீரும் காய்ச்சிப் புட்டியில் ஊற்றி, எல்லாம் தயாராகக் கொண்டுதான் போனேன்.

ஆண் பிள்ளை. சம்பந்தியம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய மிடுக்கு இல்லை. முழங்கால் வலியில் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். “மதினி, நீங்கதான் வைக்கணும்” என்றாள். என் கை பையின் ஜிப்பில் இருந்தது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். “அவுக இல்லையே, வேற யாரு இருக்கா?” என்றாள்.

என் கை நின்றுவிட்டது. நீ எழுந்து போனதால் காலியான இடத்தில் என்னை உட்காரச் சொல்கிறாள். நீ இருந்து, உன் கண் முன்னால், எனக்கென்று வந்திருக்க வேண்டிய இடம் அது. தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் சொன்னது உண்மைதான்.

சம்பந்தியம்மா காபி குடிக்கப் போன பிறகு மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பவித்ரா பிறந்தன்னைக்கு அத்தையும் அவுக அக்காவும் வராண்டாவுல பேசுனது கட்டில்ல கிடந்த எனக்குக் கேட்டுச்சு, பெரியம்மா. தாலியறுத்த கைய எதுக்குப் பிள்ளை வாயில வைக்கணும்னாக. அம்மா அங்கனதான் நின்னுச்சு. ஒண்ணும் பேசல. விறுவிறுன்னு கீழ போயி சீனி வாங்கிட்டு வந்துருச்சு.”

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா எங்க வீட்டு வாசப்படிய மிதிச்சிருப்பீகளா?” என்றாள்.

மிதித்திருக்க மாட்டேன். அதற்குள் அப்பாவோடு பவித்ரா வந்துவிட்டாள். பையைத் துழாவிப் பாலாடையை எடுத்து, புட்டியிலிருந்த சீனித்தண்ணீரை அதில் ஊற்றினாள். “நீங்க வைக்கலையா, பெரிய அம்மாச்சி? அப்ப நான்” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சுண்டுவிரலை நனைத்துத் தம்பியின் உதட்டில் தொட்டுவிட்டாள். அவன் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். நீ சேனை வைத்த பிள்ளை அவனுக்குச் சேனை வைத்திருக்கிறாள். இனி அவனும் காலை நீட்டித்தான் உட்காருவான்.

நேற்றிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று மாடிப்படி இறங்கும்போது உன் மனதில் என்ன இருந்தது? அந்தப் பெண்கள் என் முகத்துக்கு நேராக அதைச் சொல்லிவிடக்கூடாது என்று ஓடினாயா? இல்லை, உனக்கும் அந்த ஆசை இருந்து, அவர்கள் பேச்சு நல்ல சாக்காக வந்ததா? என்னிடம் விட்டிருந்தால் நான் அவர்கள் எதிரில் நின்று வைத்திருப்பேன். அதற்கு நீ இடம் தரவில்லை. ஆசைப்பட்டுத்தான் முந்தினாய் என்றால் எனக்கு நிம்மதி. நீயும் என்னைப் போலத்தான் என்று இருந்துவிடுவேன். எனக்காகத்தான் என்றால், பன்னிரண்டு வருஷம் என் கடுகடுத்த முகத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் பொறுத்திருக்கிறாய். அதிலும் நீதான் மேலே. உன் மேல் பொறாமைப்பட எனக்குத் தெரியும். நன்றியோடு இருக்கத் தெரியாது. இந்த வயதில் பழகவும் முடியுமென்று தோன்றவில்லை.

நேரில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய். ஆகவே எது உண்மை என்று எனக்கு எழுத்தில் பதில் போடு. ஒரு வரி போதும்.