பட்டையில் கோடு இல்லாத செரி

1998 ஏப்ரல் 28, செவ்வாய்

வேலைச் சட்டையில் இரண்டாவது பொத்தான் தெறித்துவிட்டது. புஷ்பவதி தையல் ஃபக்டரியால் வர ஆறு மணியாகும். நானே தைப்போம் என்று அவளுடைய நூல் டின்னைத் திறந்தேன். ஊசி, நூற்கட்டை, பொத்தான்கள். அடியில் ஒரு படம்.

சுதாஜினி.

பதின்மூன்று மாதமாக மகளின் பெயரை நான் சொல்லவில்லை. இந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். பேனையால் எழுதியது, அழிக்கவும் முடியாது.

மரத்தடியில் நின்று சிரிக்கிறாள். மெலிந்துபோனாள். மரம் முழுக்க இளஞ்சிவப்புப் பூ, காதோரம் ஒன்று செருகியிருக்கிறாள். பின்னால் செங்கல் சுவரில் ஒரு துண்டும் இரும்புப் படியின் கைபிடியும் தெரிகின்றன, அவ்வளவுதான். படத்தின் பின்பக்கம் அவளுடைய கோணல் எழுத்து: ‘என்ரை வாசல். செரி பூதிருக்கு. மே 97.’

‘பூத்திருக்கு’ என்பதில் ஒற்றை விட்டிருக்கிறாள். எத்தனை தரம் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

படத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். பொத்தான் தைக்கவில்லை. சேஃப்டி பின் குத்தியிருக்கிறேன்.

ஏப்ரல் 29, புதன்

சரி, எழுதாமல் விட்டதையும் எழுதுகிறேன். போன வருஷம் மார்ச் மாதம். லண்டன் மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெண் பார்க்க வந்து சோஃபாவில் இருக்கிறார்கள், இவள் வேலை விட்டு வரவில்லை. வேண்டாம் என்று முதலே சொன்னவள்தான். நான் வாக்குக் கொடுத்துவிட்டேனே! நேரே அவள் வேலை செய்கிற கார்டெரிக்கு, குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். சின்னஞ்சிறுசுகள் வட்டமாக இருந்து பாட்டுப் படித்துக்கொண்டிருந்தன. இவளைக் கையில் பிடித்து இழுத்தேன். கத்தினேன். தமிழில்தான் கத்தினேன், ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. எல்லாம் சேர்ந்து அழத் தொடங்கின.

அன்று பின்னேரமே ஒரு பையோடு வெளிக்கிட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை என்று வாசலில் நின்று சொன்னேன். கேட்கிறவர்களுக்கு, டொராண்டோவில் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் செய்தது பிழையோ? மானம் போனது எனக்கல்லவா? விடு. வேலைக்கு நேரமாகிறது.

மே 1, வெள்ளி

டோர்வல் விமான நிலையத்தடியில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் கிருபானந்தன். ஜனவரியில் ஐஸ் மழை கொட்டி ஊரே இருண்டு கிடந்த கிழமையில் அவர் ஒன்று சொன்னார்: “மார்க்கண்டு அண்ணை, உங்கடை மகளைக் கண்டனான். வில்லா-மரியா மெற்றோவடியிலை.” அவள் டொராண்டோவிலை எல்லோ என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஆனால் அந்தக் கிழமை முழுக்க ஒரே நினைப்பு. அவள் இருக்கிற இடத்தில் கரண்ட் இருக்கிறதோ, குளிருக்குள் கிடந்து விறைக்கிறாளோ.

இன்றைக்குச் சுற்றிவளைத்துக் கேட்டேன். அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருந்தது? பால் பை என்றார். அது போதும். ஊரில் நில அளவைக் கந்தோரில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான். பாலைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் தூரம் போக மாட்டார்கள். வீடு நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம்தான், மெற்றோவுக்குக் கிட்ட.

போய் என்ன செய்யப் போகிறேன்? ஒன்றுமில்லை. சும்மா மரம் பார்க்க.

மே 2, சனி

டொக்டர் நடக்கச் சொன்னார் என்று புஷ்பவதியிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். நூல் டின்னிலிருந்து படத்தையும் எடுத்துக்கொண்டேன். அவள் கவனிக்க மாட்டாள்.

ஐஸ் முறித்த கொப்புகளை வெட்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. அதற்கிடையிலும் சில மரங்கள் பூத்துவிட்டன. நாயோடு வந்த ஒரு மனிசியிடம், செரிசியே, செரி மரமோ என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டு ஒரு மரத்தைக் காட்டினேன். வி, வி, ஓம் ஓம் என்றாள். அடுத்த தெருவில் இன்னொரு மரத்தைக் காட்டி ஒரு கிழவனிடம் கேட்டேன். அவனும் வி. வெள்ளையாகப் பூத்தாலும் வி, சிவப்பாகப் பூத்தாலும் வி. இந்தச் சனத்துக்குப் பூத்ததெல்லாம் செரி.

பதினொரு மரம். ஒன்றும் படத்தோடு பொருந்தவில்லை.

பூ பத்து நாளைக்குத்தான் நிற்கும். பிறகு எல்லாம் ஒரே பச்சை, எது எதென்று தெரியாது. எனக்கு இருப்பது பத்து நாள்.

மே 4, திங்கள்

லைப்ரரியில் மரப் புத்தகம் எடுத்தேன். பார்த்து எழுதியது: செரி என்றால் பட்டையில் குறுக்குக் கோடு இருக்கும், மோதிரம் மாட்டியதுபோல. இதழின் நுனி சற்றே வெட்டுப்பட்டிருக்கும். பூவின் நடுவில் சூல்தண்டு ஒன்றே ஒன்று. இனி ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

சாப்பிடும்போது, சொதியில் புளி கூடிப்போச்சு என்றேன். பிழை பிடிக்காட்டி உங்களுக்குச் சோறு இறங்காதே என்றாள் புஷ்பவதி. உள்ளதைத்தானே சொன்னேன்.

மே 6, புதன்

வேலை முடிந்து நேரே போனேன். ஹார்வர்ட் தெருவில் ஒரு வீட்டு முன்னால் நல்ல சிவப்பில் ஒரு மரம். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, வீட்டுக்காரர் வெளியே வந்தார். பார்த்தால் நம்மவர்! நாகசுப்பிரமணியன், கோயம்புத்தூர்ப் பக்கம், இங்கே யுனிவர்சிட்டியில் பேராசிரியர். இருபத்திரண்டு வருஷமாக இந்த வீடுதானாம். மரம் பார்க்க வந்தேன் என்றேன், இது செரியோ என்று கேட்டேன்.

“செரிங்க, செரிங்க. நல்லாப் பாருங்க” என்றார்.

படித்த மனிசன் உறுதிப்படுத்திவிட்டார். இது பன்னிரண்டாவது. ஆனால் அவருடைய வீட்டில் வாடகைக்குத் தமிழ்ப் பெண் ஒருத்தியும் இல்லையாம். எனக்கு உதவாத செரி.

மே 8, வெள்ளி

இன்றைய கணக்கெடுப்பு, மார்சில் தெரு. ஒன்பதாவது மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பூ நிறம் படத்தைப் போலவே இருந்தது. பட்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று செதில் செதிலாக இருக்கிறது, கோடே இல்லை. படத்தில் மரத்தின் பெருங்கொப்பு படிக்கு மேலால் போகிறது. இதில் அப்படி ஒரு கொப்பும் இல்லை, வெட்டிய தழும்புதான் இருக்கிறது.

கொப்பியில் எழுதினேன்: ‘மார்சில் 9. பட்டையில் கோடு இல்லை. செரி இல்லை.’ குறுக்கே கோடு கீறினேன்.

மேல் வீட்டில் ஒரு திரைச்சீலை ஆடியது. கள்ளன் என்று நினைத்திருப்பார்கள்.

மே 10, ஞாயிறு

பூ கொட்டத் தொடங்கிவிட்டது.

மே 12, செவ்வாய்

காலையிலிருந்து மழை. போகாமல் இருக்க முடியவில்லை, குடையோடு போனேன். ஹார்வர்ட் தெருவில் பேராசிரியர் கூப்பிட்டுக் கோப்பி தந்தார். உங்கள் செரி நன்றாகப் பூத்தது என்று ஒரு மரியாதைக்குச் சொன்னேன். இது செரி மரமா என்று அவர் என்னைக் கேட்கிறார்! நீங்கள்தானே ஐயா அன்றைக்குச் செரி என்று சொன்னீர்கள்?

“ஐயோ, நான் சரின்னு சொன்னேனுங்க. எங்க ஊருல அப்படித்தாங்க வரும்.”

மரத்தின் பெயர் அவருக்குத் தெரியாதாம். வீட்டோடு வந்ததாம். இருபத்திரண்டு வருஷம்! வாசலில் நிற்கிற மரத்தின் பெயரை ஒரு மனிசன் கேட்டு வைக்காமல் இருப்பானோ? எனக்குச் சிரிப்பும் வந்தது, விசரும் வந்தது.

வீட்டுக்கு வந்தால் புஷ்பவதியின் கண் சிவந்திருக்கிறது. தடிமன், மூக்கடைப்பு என்றாள். நனைந்த சப்பாத்தை ஏன் வாசலில் விட்டீர்கள் என்று கேட்கவும் இல்லை. அவள் இப்படிப் பேசாமல் இருப்பவளில்லை.

மே 14, வியாழன்

இருபத்தாறு மரம் பார்த்தாயிற்று. ஐஸ் முறித்ததென்று மரத்தையே தறித்துவிட்டார்களோ? வீடு மாறிப் போயிருப்பாளோ? ஒருவனோடு இருக்கிறாளோ? இருந்தால் நான் என்ன செய்வேன்? கத்துவேனோ? தெரியாது. எனக்கே என்னைத் தெரியவில்லை.

மே 16, சனி

காலையில் மரக்கறி வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். கன்று விற்கிற செலீனை எனக்கு வருஷக்கணக்காகத் தெரியும். பச்சை மிளகாய்க் கன்று அவளிடம்தான் வாங்குவேன். என்ன நினைத்தேனோ, படத்தை எடுத்து நீட்டி, இந்தச் செரி எந்த இனம் என்று கேட்டேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். செரி இல்லை, பொம்மெத்தியே என்றாள். ஆப்பிள் சாதியாம், காய் சுண்டங்காய் அளவுதானாம். பூக்களுக்கு நடுவே கறுத்துச் சுருங்கிய மணிகளை நகத்தால் தொட்டுக் காட்டினாள். அவை முந்தின வருஷத்துக் காய்களாம், செரியில் இப்படிக் கிடக்காதாம். நான் அவற்றை மொட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்!

கத்தரிக்காய் வாங்க மறந்து வந்துவிட்டேன். கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இரண்டு கிழமையாகத் தெருத்தெருவாய் நாய் மாதிரி அலைந்திருக்கிறேன், எல்லாம் இவள் எழுதிய ஒரு பிழையால். வந்த வேகத்தில் படத்தைக் குசினி மேசையில் எறிந்தேன். ஒளித்ததெல்லாம் போதும். மரத்தின்ரை பேரும் தெரியாமல் என்ன படிப்புப் படித்தவள் உவள் என்று கத்தினேன்.

புஷ்பவதி அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினாள்.

“செரி எண்டு ஆர் சொல்லிக் குடுத்தது? நீங்கள்தானே.”

நானோ?

அவள் சொல்லச் சொல்லத்தான் ஞாபகம் வந்தது. கனடாவில் எங்கள் முதல் வசந்தம், எண்பத்தேழு. ஜாரி பார்க் வேலியோரம் நடந்து போகிறோம். சுதாவுக்குப் பத்து வயது. அப்பா, இது என்ன மரம் என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு தகப்பன் சொல்வானோ? செரி என்றேன். பள்ளிக்கூடத்தில் அது பொம்மெத்தியே என்று ரீச்சர் திருத்த, இவள் எங்கள் அப்பா சொன்னவர் என்று சண்டை பிடித்து, ரீச்சர் மூலையில் நிற்க வைக்க, அழுதுகொண்டு வந்தாள். அப்போதும் நான் என்ன சொன்னேன்? உன்ரை ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இப்போதாவது சரியான பெயர் தெரிய வேண்டாமோ என்றேன். குரல் இறங்கிவிட்டது எனக்கு.

“அவளுக்குத் தெரியாதோ? கார்டெரிப் பிள்ளையளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய் மரத்தின்ரை பேரெல்லாம் சொல்லிக் குடுக்கிறவள். உங்களுக்காகத்தான் செரி எண்டு எழுதினவள்.”

கதிரையில் இருந்துவிட்டேன். புஷ்பவதி எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். தாயும் மகளும் கிழமைக்குக் கிழமை போனில் கதைக்கிறார்களாம், அவள் போன நாளிலிருந்தே. இந்தச் செவ்வாய்க்கிழமை மகள் அழுதாளாம்.

“அப்பா வாசல் மட்டும் வந்தவராம். மரத்தைத் தடவித் தடவிப் பாத்தவராம். இப்ப மணி அடிப்பார், இப்ப மணி அடிப்பார் எண்டு அவள் கதவுக்குப் பின்னாலை நிண்டவளாம். நீங்கள் கொப்பியிலை என்னவோ எழுதிப்போட்டுப் போயிட்டீங்களாம்.”

கொப்பியைப் புரட்டினேன். மார்சில் 9. பட்டையில் கோடு இல்லை. செரி இல்லை. குறுக்கே நான் கீறிய கோடு.

அந்த ஆடின திரைச்சீலை. ஐயோ. என்ரை பிள்ளையை நானே வெட்டி விட்டிட்டு வந்திருக்கிறன்.

மே 17, ஞாயிறு

புஷ்பவதி வரவில்லை. தனியப் போங்கோ என்றாள். பொத்தானைத் தைத்துத் தந்தாள்.

மெற்றோவில் மூன்று விதமாகப் பேச்சுத் தயாரித்தேன். லண்டன்காரரைப் பற்றி ஒன்று, மானத்தைப் பற்றி ஒன்று. மூன்றாவது மறந்துபோயிற்று. மார்சில் தெருவுக்கு வந்தபோது முதல் இரண்டும் இல்லை.

மரத்தில் பூ ஒன்றும் மிச்சமில்லை. இதழெல்லாம் நனைந்து இரும்புப் படியில் ஒட்டிக் கிடந்தன. பதினாறு படி. கைபிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மணி அடிக்க முதலே கதவு திறந்தது.

படத்தைவிட மெலிந்திருந்தாள். கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. கீழே மரத்தைக் காட்டினேன்.

“பிள்ளை, உது செரி இல்லை. நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

“தெரியும் அப்பா.”

“அந்தச் சின்னப் பிள்ளையளுக்கு முன்னாலை கத்தினதும் பிழை.”

இதற்கு அவள் தெரியும் என்று சொல்லவில்லை. அழுதாள். நானும்தான். கீழே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள், பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ என்றாள்.

வாசலில் நாலு சோடி சப்பாத்து. எல்லாம் பெண்களுடையவை. கூட வேலை செய்கிற பிள்ளை ஒருத்தியோடு இருக்கிறாளாம். சப்பாத்தை எண்ணிப் பார்த்ததற்கு வெட்கமாக இருந்தது.

சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும் வைத்தாள். எதிரில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பில் உப்பே இல்லை. இன்னும் ஒரு கரண்டி பருப்பு விடச் சொன்னேன்.