அசைவதற்கு முன் விழுந்த அடி

ஜூலை 2

இன்றும் அதே தகராறு. மில்ட்ரெட் ஆடினால் மட்டும் எலாடியோ அண்ணனுக்கு மேளத்தில் கை வருவதில்லை. எங்கள் ஊர் மேள ஆட்டமான போம்பாவில் ஆடுகிறவள் மேளத்தைப் பின்பற்றுவதில்லை, மேளம்தான் அவளைப் பின்பற்ற வேண்டும். அவள் பாவாடையை உதறிய நொடியில் ப்ரிமோ என்கிற தலைமை மேளத்தில் அடி விழ வேண்டும். லோயிசா ஊரின் இந்தச் சமூகக் கூடத்தில் பதினோரு வருடமாக இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். என் அண்ணனே தவறவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"உங்கண்ணனுக்கு என்மேல என்ன கோவம்? என் கடையில பொரிக்கிற அல்கபூரியா வயித்துக்கு ஒத்துக்கலையாமா?" என்றாள் மில்ட்ரெட். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஜூலை 5

அண்ணனோடு பேச்சு இல்லை.

ஜூலை 9

மில்ட்ரெட் கடையிலிருந்து நேரே ஓடி வந்தாள், பாவாடையை மறந்துவிட்டு. எண்ணெய்க் கறை படிந்த சிவப்பு ஏப்ரனோடு ஆடினாள். அண்ணன் ஒரு அடிகூடத் தப்பவில்லை.

மற்றவர்கள் பயிற்சிக்குக் கலர் பாவாடைதான் கட்டுகிறார்கள். மில்ட்ரெட் ஒருத்திதான் எப்போதும் வெள்ளை. கூடத்துச் சுவரும் வெள்ளை.

அண்ணனிடம் நேரே கேட்டுவிட வேண்டும்.

ஜூலை 10

கேட்டேவிட்டேன்.

"சர்க்கரை கண்ணுக்குப் போயிடுச்சுடி. போனது வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

நாலு மாதமாகிறதாம். பாவி, என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"ப்ரிமோவ விட்டு என்னை எழுப்பிடாத, நெரெய்தா."

எழுப்பினால் அவன் என்ன செய்வான்? அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஜூலை 14

ஒரு காரியம் செய்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் ஊர்த் திருவிழா; அன்றைக்கு ஆடுகிறவர்கள் எல்லாருமே வெள்ளை உடுத்துவார்கள். அதனால் அடவுகளை வரிசைப்படுத்தி எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். "அழகுக்காக" என்று புளுகினேன். அதே வரிசை அண்ணனுக்கும்.

அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்பது மேளக்காரனுக்குத் தெரியவே கூடாது என்று இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியவள் — நான்தானே?

ஜூலை 21

மாட்டிக்கொண்டோம். மில்ட்ரெட் அடவை மறந்து மரம் மாதிரி நின்றுவிட்டாள். பாவாடை அசையவே இல்லை. அடி மட்டும் விழுந்தது.

"நான் இன்னும் ஆடவே இல்லையே! உங்கண்ணன் யாருக்கு வாசிக்கிறாரு? செத்துப்போன என் மாமியாருக்கா?"

அண்ணன் எழுந்தான். மேளத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றான்.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா."

கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனான். நான் பின்னால் போகவில்லை. ஏன் போகவில்லை?

ஜூலை 23

இனி வர மாட்டானாம். மில்ட்ரெட் ஒரு தட்டு நிறைய நண்டு அல்கபூரியாவோடு அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "கண்ணுதானே போச்சு, வாய் இருக்குல்ல? தின்னுங்க" என்றாளாம். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள்.

ஜூலை 26

திருவிழா. வரிசையைக் கிழித்துப் போட்டேன். ப்ரிமோவில் நானே உட்கார்ந்தேன்.

மில்ட்ரெட் இஷ்டத்துக்கு ஆடித் தீர்த்தாள். வெளியே போனவள் அண்ணனைக் கைப்பிடித்து அழைத்து வந்து வட்டத்தின் நடுவில் விட்டாள். வெள்ளைச் சட்டை, தொப்பி.

அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை. முப்பது வருடமாக அவன்தான் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தான். தோளை உலுக்கினான், அடித்தேன். தொப்பியைச் சாய்த்தான், அடித்தேன். அசையாமல் நின்றான். காத்திருந்தேன். திடீரென்று முழங்காலை வெட்டினான் — அடித்தேன். என்னை ஏமாற்றப் பார்த்தான், திருடன்! சிரித்துக்கொண்டே ஆடினான். எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

மேளத்தை வணங்காமல் யாரும் வட்டத்தை விட்டுப் போவதில்லை. அண்ணன் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான், எனக்கு இரண்டு முழம் தள்ளி, யாருமே இல்லாத பக்கம் பார்த்து.

நான் மேளத்தை இழுத்துக்கொண்டு போய் அவன் எதிரில் வைத்தேன்.